மாமா பாதையில் இறங்கியவர்

ராசிங்காபுரத்தில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேற்கே பார்த்திருப்பீங்க. மேகம் இல்லாத நாளில் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல இருக்கும். அந்த மலை நமக்கு வேலைக்குப் போகும் இடம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியும் முன்னாடியே ஜீப்புகள் கிளம்பும். போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு, உட்காரும் இடத்துக்குச் சண்டை, சாயங்காலம் திரும்பி வரும்போது கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. இப்படிப்பட்ட மலையை எந்த வேலையும் இல்லாமல் சும்மா ஏறிப் பார்க்கப் போறேன்னு வீட்டில் சொல்லிப் பாருங்க. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத் தீயில் நடைப்பயணம் வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கப்புறம் நம்ம பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சை எடுத்தாலே தட்டு பறக்கும்.

இந்த இதழுக்கு நான் எழுத எடுத்துக்கொண்ட ஆள் வேலைக்காகவும் இல்லாமல், சொத்துக்காகவும் இல்லாமல் ஒரு மலையை ஏறியவர். நம்ம மலையை அல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கும் சிவனொளிபாதமலையை. இறங்கியதும் அவர் வந்து சேர்ந்தது நம்ம மதுரைக்கு. பேர் இப்னு பதூதா.

பேரைக் கேட்டதும் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் ஞாபகம் வரும். துக்ளக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ பயணி, ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அவர் மலை ஏறிய கதையைப் படித்ததற்கு அப்புறம்தான் அந்த மனுஷனை விட முடியவில்லை.

1304-ல் மொராக்கோவின் தாஞ்சியர் ஊரில் பிறந்தவர். குடும்பமே இஸ்லாமியச் சட்டம் படித்த காஜிகள் குடும்பம். 1325 ஜூனில் மெக்காவுக்கு ஹஜ் போகிறேன் என்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். வயசு 21. நம்மில் பாதிப்பேருக்கு இப்போ அந்த வயசுதான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று யோசிங்க. துணைக்கு ஆள் கிடையாது, சேர்ந்து போகக் கூட்டமும் கிடையாது. அம்மா அப்பா இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள், அவர்களைப் பிரிந்தது அவருக்கு வலித்தது. ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. திரும்பியது 24 வருஷம் கழித்து.

இடையில் எகிப்து, சிரியா, ஈராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி, நடு ஆசியா என்று சுற்றி 1330-களில் டெல்லி வந்தார். முகமது பின் துக்ளக் அவரைக் காஜியாக வைத்து நல்ல சம்பளமும் கொடுத்தான். கொடுக்கும் கையும் வெட்டும் கையும் ஒன்றாக இருந்த ராஜா அவன். ஒரு கட்டத்தில் இவர்மேலும் சந்தேகம் விழுந்து காவல் போட்டார்கள். தப்பியது அதிர்ஷ்டம். 1341-ல் அதே சுல்தான் இவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினான். கோழிக்கோட்டில் கப்பலில் பரிசுப் பொருள் எல்லாம் ஏற்றியாச்சு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக இவர் கரையில் தங்கினார், அன்று ராத்திரிப் புயலில் கப்பல் உடைந்தது. தூது போன பரிசெல்லாம் கடலில் போனபிறகு துக்ளக் முகத்தில் யார் முழிப்பது? மாலத்தீவுக்குப் போனார். அங்கேயும் காஜி வேலை, கல்யாணங்கள், பெரிய இடத்துச் சண்டை. 1344-ல் அங்கிருந்தும் கிளம்பினார்.

போக நினைத்தது மாபாருக்கு, அதாவது நம்ம தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைக்கு. அப்போது மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. இவர் டெல்லியில் கல்யாணம் செய்த பெண்களில் ஒருவர் மதுரை சுல்தானியத்தைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள். அந்தப் பெண்ணின் அக்கா தங்கை முறையில் இன்னொருவர்தான் அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் தம்கானியின் மனைவி. ஆக சுல்தான் இவருக்குச் சகலை. சகலை வீட்டுக்குத்தான் கிளம்பினார். காற்று வேறு மாதிரி நினைத்தது. கப்பல் இலங்கைப் பக்கம் தள்ளிப்போய், கடலிலிருந்தே அந்த மலை புகைத்தூண் மாதிரி வானத்தில் நிற்பதைப் பார்த்தார்.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். உயரம்தான் பெருமை என்றால் நம்ம பக்கம் இருக்கும் மீசப்புலிமலை 2,640 மீட்டர். ஆனால் இது கூம்பு மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதால் தூரத்துக் கடலிலிருந்தே கண்ணில் படும். உச்சிப் பாறையில் கால்தடம் மாதிரி ஒரு பள்ளம். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்குச் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதமின் பாதம். ஒரே பள்ளத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே பாதையில் மூச்சு வாங்கி ஏறுகிறார்கள்.

கரை ஒதுங்கிய இடம் புத்தளம். அது யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசன் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தில் இருந்தது. கப்பல்காரன் இறங்கவே பயந்தான், கடல் கொள்ளைக்குப் பேர் போன அரசன் என்று அவன் நினைப்பு. இவர் இறங்கிப் போய், நான் மாபார் சுல்தானின் சொந்தக்காரன் என்றார். அரசனுக்குப் பாரசீகம் புரியும். முத்துக்களைக் காட்டினான், மூன்று நாள் விருந்து வைத்தான், என்ன வேணும் கேள் என்றான். இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான், அந்தப் பாதத்தைப் பார்க்கணும் என்றார் இப்னு பதூதா.

முத்துக் குவியலுக்கு முன்னாடி உட்கார்ந்துகொண்டு மலை ஏற வழி கேட்ட ஆள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அரசன் அனுப்பிய கூட்டத்தைப் பாருங்க. வருஷாவருஷம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர்கள் 3 பேர், அரசனின் ஆட்கள் 10 பேர், சாப்பாட்டுச் சுமை தூக்க 15 பேர். இவர் உட்கார ஒரு பல்லக்கு, அதைத் தூக்க அடிமைகள். தனியாளாகச் சாதித்தார் என்று கதை விட நான் தயாராக இல்லை. அடிவாரம் வரைக்குமான பாதியை மற்றவர்களின் தோள்தான் நடந்தது. அந்த 15 பேரின் பேர் அவர் புத்தகத்தில் இல்லை. நம்ம ஊர் ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்குறவங்க பேர் எந்தப் பில்லில் இருக்கு, சொல்லுங்க. ஆனால் ஒன்று கவனிங்க: மொராக்கோவில் சட்டம் படித்த ஒரு முஸ்லிம், வழி தெரிந்தவர்கள் என்பதற்காக யோகிகள் பின்னாடி போனார். தெரியாத மலையில் தெரிந்தவன் சொல்லைக் கேட்பது என்ற ஒரு விஷயத்தில் அவர் வீம்பு பிடிக்கவில்லை. கப்பல்காரனும், ஒரு வருஷம் ஆனாலும் நீங்க வராமல் பாய் விரிக்க மாட்டேன் என்று புத்தளத்திலேயே காத்திருந்தான்.

வழியில் காடு. நீண்ட வால் வைத்த கருங்குரங்குகள், ஆண் குரங்குக்கு மனுஷன் மாதிரி தாடி. யானைகள் நிறைய. அந்த யானைகளைப் பற்றி ஒரு பழைய கதையை அவர் சொல்கிறார். இப்னு கஃபீஃப் என்ற பெரியவரோடு போன கூட்டம் பசியில் ஒரு யானைக்குட்டியை அடித்துத் தின்றது. பெரியவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ராத்திரி யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. அவரை மட்டும் மோந்து பார்த்துவிட்டு முதுகில் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விட்டதாம். நடந்ததா என்று என்னைக் கேட்காதீங்க. ஆனால் 2023 மே மாசம் அரிசிக்கொம்பன் கம்பம் ஊருக்குள் நடந்து வந்ததைப் பார்த்த நமக்கு, யானை கணக்கு வைத்திருக்கும் என்ற கதை அவ்வளவு தூரமாகப் படாது.

அடுத்தது அட்டை. தண்ணீர் ஓரத்துச் செடியிலும் புல்லிலும் உட்கார்ந்திருக்கும், ஆள் கிட்ட வந்ததும் தாவி ஒட்டும், ஒட்டிய இடத்தில் ரத்தம் கொட்டும் என்று துல்லியமாகச் சொல்கிறார். ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள், விழுந்துவிடும், அப்புறம் கடித்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்கள். நம்ம தோட்டத்துச் சுண்ணாம்பு, உப்பு, மூக்குப்பொடி வைத்தியத்துக்கு அண்ணன் முறை. இப்போது அந்த மலைக்கு யாத்திரை நடப்பது டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை. இவர் போனது தென்மேற்கு மழை ஓயாத காலம். அட்டைக்கு அதுதான் கல்யாண சீசன் என்று உங்களுக்கே தெரியும்.

உச்சிக்கு இரண்டு பாதை இருந்தது. ஒன்றுக்குப் பேர் பாபா பாதை, இன்னொன்று மாமா பாதை. மாமா என்றதும் உங்க அம்மாவின் தம்பி ஞாபகத்துக்கு வரக்கூடாது. பாபா என்றால் அப்பா, அதாவது ஆதம். மாமா என்றால் அம்மா, ஏவாள். மாமா பாதை சுலபம், யாத்திரைக்காரர்கள் இறங்குவது அதன் வழியாக. அதிலேயே ஏறியும் வந்தவனை அந்த ஊர்க்காரர்கள் மலை ஏறியவனாகக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பாபா பாதையில் ஏறி மாமா பாதையில் இறங்கினால்தான் சுற்று முழுமை. இன்றைக்கும் அந்த மலைக்குப் பல வழி உண்டு. நல்லதண்ணிப் பக்கத்து வழி குட்டை, ரத்தினபுரி வழி நீளம், ஒன்றில் ஏறி மற்றதில் இறங்குகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

பாபா பாதையில் பழங்காலத்தவர் பாறையைப் படிபோல வெட்டி, இரும்புத் தூண் அடித்து, சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். இந்தச் சங்கிலியைப் பற்றி இவருக்கு முன்னாடியே மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். பாறை ஏற்றத்தில் கயிறு கட்டித் தொங்கும் பெரிய வித்தை ஒரு வகை. கையும் காலும் சேர்த்து ஊன்றித் தவழ்ந்து ஏறுவது இன்னொரு வகை. இது இரண்டாவது வகை. பிடி கிடைக்கும், பயிற்சி பெரிசாக வேண்டாம், ஆனால் கை வழுக்கினால் மன்னிப்பு கிடையாது. குரங்கணிப் பக்கம் மழைக்கு அப்புறம் பாறைச் சரிவில் கை ஊன்றி ஏறியவர்களுக்குத் தெரியும், கஷ்டம் தசையில் இல்லை, கீழே பார்ப்பதில் இருக்கிறது.

மொத்தம் 10 சங்கிலி. அடியில் 2, அதற்குமேல் தொடர்ச்சியாக 7. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பேர். அங்கே வந்து சேர்ந்தவன் கீழே குனிந்து பார்ப்பான், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா சொல்லும், அதனால் அந்தப் பேர். சாகப் போகிறவன் கடைசியாகச் சொல்ல ஆசைப்படும் வார்த்தை அது. அந்தச் சங்கிலியைப் பிடித்திருந்தபோது இவருக்கு வயசு 40. பாலைவனத்திலும் கடலிலும் துக்ளக் அரண்மனையிலும் சாவைப் பக்கத்தில் பார்த்தவர். அப்படிப்பட்டவர் பத்துச் சங்கிலியையும் எண்ணி வைத்திருக்கிறார் பாருங்க. பயந்தவன்தான் எண்ணுவான், நான் எண்ணியிருக்கேன்.

பத்தாவது சங்கிலி தாண்டினால் கரடுமுரடான ஒற்றையடிப் பாதை. ஏழு மைலில் கிள்று குகை, சுற்றிலும் வெட்டவெளி, பக்கத்தில் மீன் நிறைந்த ஊற்று, அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை. அந்த ஏழு மைலை அப்படியே மேப்பில் வைத்து அளந்து பார்க்காதீங்க. வருஷங்கள் கழித்து நினைவிலிருந்து சொன்ன தூரம் அது. சுமையை எல்லாம் குகையில் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு இன்னும் இரண்டு மைல் ஏறினால் உச்சி. பெரிய பை எதற்கு என்று நம்ம ஆட்கள் கேட்டால் சிரிக்கும் ஜூனியர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

உச்சியில் கரும்பாறை, அதில் 11 சாண் நீளப் பாதம். பாறையில் வெட்டிய 9 குழிகளில் யாத்திரைக்காரர்கள் பொன்னும் மணியும் போடுவார்கள். அதை எடுக்கக் குகையிலிருந்தே ஓட்டப்பந்தயம் விட்டு ஏறும் ஃபக்கீர்களும் உண்டு. இவர் கூட்டத்துக்குக் கிடைத்தது சில கற்களும் துளிப் பொன்னும்தான். அதை வழிகாட்டிக்கே கொடுத்துவிட்டார்கள். வழக்கப்படி மூன்று நாள் குகையில் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குப் போய் வந்தார்கள். மேகம் காலுக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்தது. உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ ஒன்றையும் சொல்கிறார், ரோஜா என்கிறார். நம்ம உச்சிச் சோலைகளில் பூக்கிற காட்டுப்பூவரசின் ஜாதியாகத்தான் இருக்கணும் என்று எனக்குத் தோணுது.

இறங்கியது மாமா பாதையில், மலைக்கிராமங்களில் தங்கித் தங்கி. அடிவாரத்தில் இலையே உதிராத ஒரு மரம், அதன் இலை ஒன்று விழாதா என்று காத்துக்கிடக்கும் யோகிகள். அந்த இலையைத் தின்றால் இளமை திரும்புமாம். இலையைப் பார்த்த ஒருத்தரைக்கூட அவர் சந்திக்கவில்லை. பிறகு தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகத் தீவின் கரையைச் சுற்றிப் புத்தளம் வந்தார். கப்பல்காரன் சொன்னபடி காத்திருந்தான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சறுக்கல். தமிழ்நாட்டுக் கரையை நெருங்கும்போது கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் மாட்டியது. கூட வந்தவர்களைக் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு இவர் ராத்திரி முழுக்க உடைந்த கப்பலில் உட்கார்ந்திருந்தார், காலையில் ஊர்க்காரர்கள் வந்து மீட்டார்கள். சகலை சுல்தானிடம் போனார். அங்கே பார்த்தது கொடுமை. பிடித்த ஆண்களை மட்டுமல்ல, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றான் கியாசுத்தீன். விருந்தாளியாகச் சாப்பிட்டுக்கொண்டே இவர் இதைப் பார்த்தார். வேறு எந்த ராஜாவும் செய்யாத அசிங்கம் என்று பிற்பாடு புத்தகத்தில் பதிந்தார், அவன் சீக்கிரம் செத்தது இதனால்தான் என்றும் நினைத்தார். அப்போதே முகத்துக்கு நேரே சொன்னாரா என்றால், இல்லை.

மதுரைக்கு வந்தபோது ஊரில் கொள்ளைநோய். நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் விழுந்தார்கள். ஆரோக்கியமானவள் என்று சொல்லி விற்ற ஒரு அடிமைப் பெண்ணை வாங்கினார், மறுநாள் அவள் இறந்தாள். அதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். அந்தக் காலம் அப்படி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அந்த இடம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. சுல்தானும் செத்தான். இவருக்கும் காய்ச்சல் வந்தது, இதோடு முடிந்தது என்றே நினைத்தார். காப்பாற்றியது எது தெரியுமா? புளி. ஊரில் புளி நிறையக் கிடைத்தது, ஒரு ராத்தல் அளவுக்கு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் இறங்கியது. உலகம் சுற்றியவரின் உயிரைத் தேனி, மதுரைப் பக்கத்துப் புளியமரம் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டில் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம்.

தென்பட்டால் போதும் என்று கொல்லம் போய், அங்கிருந்து வடக்கே ஹொன்னாவர் பக்கம் போகும்போது கடற்கொள்ளையர் 12 கப்பலில் சூழ்ந்துகொண்டார்கள். ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த மணிகள், துணி, பணம் எல்லாம் போச்சு. கால்சட்டை ஒன்றை மட்டும் விட்டார்கள். கோழிக்கோட்டில் யாரோ கொடுத்த துணியைப் போர்த்திக்கொண்டார். மாலத்தீவில் அவர் விட்டு வந்த மனைவிக்கு மகன் பிறந்து இரண்டு வயசு ஆகியிருந்தது. போய்ப் பார்த்தார், தாயிடமே விட்டுவிட்டுக் கிளம்பினார். வங்காளம், சுமத்ரா, சீனா என்று இன்னும் போனார். மொத்தம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். சீனா பற்றி எழுதியதில் எவ்வளவு கண்ணால் பார்த்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

1349-ல் தாஞ்சியர் திரும்பினார். அப்பா இறந்து 15 வருஷம் என்பது வழியிலேயே தெரிந்திருந்தது. அம்மாவை அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் சில மாதம் முன்னாடிதான் அடக்கம் செய்திருந்தார்கள். கல்லறையைப் போய்ப் பார்த்தார். அப்புறமும் ஊரில் தங்கவில்லை, ஸ்பெயினுக்கும் சஹாரா தாண்டி மாலி தேசத்துக்கும் போய் வந்தார்.

மொராக்கோ சுல்தான் கட்டளைப்படி இப்னு ஜுஸை என்ற எழுத்தாளரை உட்கார வைத்து இவர் சொல்லச் சொல்ல எழுதிய புத்தகம் 1355 டிசம்பரில் முடிந்தது. ஒரு ஊரில் காஜியாக வேலை பார்த்து 1368-லோ 1369-லோ இறந்தார். தாஞ்சியரில் அவர் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், அது அவருடையதுதானா என்பதில் சந்தேகம் உண்டு.

குறிப்பேடுகளையும் கொள்ளையர்கள் விடவில்லை. புகாராவில் கல்லறைகளைப் பார்த்து எழுதி வைத்ததெல்லாம் கடலில் பறிபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த மலையைப் பற்றிச் சொல்லும்போது அவர் கையில் ஒரு தாள்கூட இருந்திருக்காது. ஏறி 11 வருஷம் ஆகிவிட்டது. அடியில் 2, நடுவில் 7, பத்தாவது கலிமாச் சங்கிலி என்று வரிசை மாறாமல் சொன்னார், அந்த எழுத்தாளர் எழுதிக்கொண்டார்.